சைரன் போட்ட போலீஸ் வண்டிக்கு எதற்கெல்லாம் அனுமதி? வேலூர்ச் சாலைகளை வைத்து ஒரு விளக்கம்

போலீஸ் ஜீப் ஒன்று சிக்னலில் நிற்காமல் போனாலோ, ஒருவழிப் பாதையில் எதிரே வந்தாலோ நம்மூரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "அவங்க போலீஸ், அவங்களுக்கு ஏது சட்டம்" என்பது ஒன்று. "ஏதோ அவசரம், எப்படிப் போனா என்ன" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. காவல் வாகனத்துக்கு எது செல்லும், எது செல்லாது, எந்த நிலையில் செல்லும் என்பதற்குச் சட்டத்தில் தெளிவான வரம்பு இருக்கிறது. அது தெரியாததால் தேவையே இல்லாத இடத்தில் போலீஸைத் திட்டுகிறோம், கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிடுகிறோம். அதனால் அடிப்படையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில், எந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

காவல் வண்டி ஓடுவதை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1. வழக்கமான ஓட்டம். ரோந்து போவது, சம்மன் கொடுக்கப் போவது, கைதியைச் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குக் கூட்டிப்போவது, அதிகாரியை வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு அழைத்து வருவது, வண்டியை சர்வீஸுக்கு விடுவது. ஒரு நாளில் வண்டி ஓடுகிற நேரத்தில் பெரும்பகுதி இதுதான்.

2. அவசர ஓட்டம். விபத்து, அடிதடி, தீ, உயிருக்கு ஆபத்து என்று 100-க்கோ 112-க்கோ அழைப்பு வந்து, கட்டுப்பாட்டு அறை வயர்லெஸ் மைக்கில் தகவல் சொல்லி, வண்டி கிளம்புவது.

3. துரத்தல். நிற்கச் சொல்லியும் நிற்காமல் தப்பி ஓடும் வண்டியின் பின்னால் போவது. பார்ப்பதற்கு இரண்டாவது மாதிரியே இருக்கும், ஆனால் ஆபத்தின் கணக்கு முழுக்க வேறு, ஏனென்றால் இங்கே வேகத்தைத் தீர்மானிப்பது போலீஸ் டிரைவர் இல்லை, முன்னால் ஓடுகிறவன்.

இந்த மூன்றில் முதலாவதுக்கு எந்தச் சலுகையும் கிடையாது, ஒன்றுகூட. நம் தெருவில் குடியிருக்கும் ஆட்டோக்காரருக்கு என்ன விதியோ அதே விதிதான்.

சட்டம் என்ன சொல்கிறது

அடிப்படைச் சட்டம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதன் கீழ், சாலையில் எப்படி ஓட்ட வேண்டும் என்று விவரமாகச் சொல்லும் ஒழுங்குமுறைகளை மத்திய அரசு 2017-ல் புதிதாகக் கொண்டுவந்தது. அதற்கு முன் 1989-ல் போட்ட சாலை விதிகள்தான் நடைமுறையில் இருந்தன. அவசர வாகனங்களைப் பற்றி 2017 ஒழுங்குமுறைகள் சொல்வதன் சாரம் இதுதான்:

1. முன்னுரிமைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தீயணைப்பு வண்டி, அடுத்து ஆம்புலன்ஸ், அதற்கடுத்துதான் போலீஸ்.

2. அவசரப் பணியில் இருக்கும்போது சிவப்பு விளக்கைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம், சாலையோரத்திலோ ஒருவழிப் பாதையின் எதிர்த்திசையிலோ போகலாம்.

3. ஆனால் இதெல்லாம் உரிய கவனத்தோடும் பொறுப்போடும் செய்ய வேண்டும். சைரனும் பல வண்ண விளக்கும் அவசரத்துக்கு மட்டும்தான்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறோம். இரண்டாவதில் கொடுத்ததையெல்லாம் அது ஒரு நிபந்தனையில் கட்டிப்போடுகிறது. கவனம் இல்லாமல் சிவப்பு விளக்கைத் தாண்டியவர், சைரன் போட்டிருந்தாலும், "எனக்கு விலக்கு உண்டு" என்று சொல்லித் தப்ப முடியாது. இது நம் நாட்டில் மட்டும் இருக்கும் யோசனையும் இல்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலச் சட்டங்கள், விலக்கு கொடுத்த கையோடு மற்றவர்களின் பாதுகாப்பை மனதில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்ற கடமையையும் சேர்த்தே எழுதுகின்றன. பிரிட்டனில் அவசர வண்டிக்குச் சிவப்பு விளக்கு என்றால், குறுக்கே வருகிறவருக்கு வழிவிட்டு, பாதை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் போ என்று அர்த்தம். அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு போக யாருக்கும் அனுமதி இல்லை.

சலுகை வண்டிக்கு இல்லை, அந்த நேரத்து வேலைக்கு. ஒரே பொலேரோ ஜீப், ஒரே டிரைவர், காலை 10 மணிக்குப் பாகாயத்தில் அடிதடி என்று அழைப்பு வந்து கிளம்பினால் அவசர வண்டி. பிரச்சினையை முடித்துவிட்டு 11 மணிக்கு ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது சாதாரண வண்டி. திரும்பும் வழியில் சிக்னல் விழுந்தால் நின்றாக வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அப்புறம் 2019 சட்டத் திருத்தத்தில் வந்த ஒரு பிரிவு பலருக்குத் தெரியாது. அதன் எண் 210பி. இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவர்களே இந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் செய்தால், அந்தக் குற்றத்துக்கு உரிய தண்டனைத் தொகையைப் போல இரண்டு மடங்கு. சீட் பெல்ட் போடாமல் போனால் சட்டம் சொல்லும் அபராதம் 1,000 ரூபாய், அது 2,000 ஆகிவிடும். சட்டத்தை எழுதியவர்கள் போலீஸிடம் நம்மைவிட அதிகமாக எதிர்பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள், அது நியாயமும்கூட.

சுழல் விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 மே 1 முதல் அமைச்சர், அதிகாரி வண்டிகளிலிருந்து சிவப்பு விளக்கு எடுக்கப்பட்டது நினைவிருக்கும். அவசரப் பணி வண்டிகளுக்கு மட்டும் சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த விளக்கு என்று அப்போது ஆனது. அந்தஸ்தைக் காட்டும் பொருளாக இருந்த விளக்கை எச்சரிக்கைக் கருவியாக மட்டும் வைத்துக்கொள்வதுதான் அந்த முடிவின் நோக்கம். டீக்கடை வாசலில் நிற்கும் வண்டியில் அது சுற்றிக்கொண்டே இருந்தால், உண்மையாகவே அவசரமாக வரும்போது யாரும் அதை மதிக்க மாட்டார்கள்.

வேகம் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது?

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அவசர ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. கிரீன் சர்க்கிளிலிருந்து காட்பாடிப் பக்கம் 5 கிலோமீட்டர் போக வேண்டும், வழியில் எதுவுமே குறுக்கே வராது என்று வைத்துக்கொள்வோம்.

மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் 5 நிமிடம். 80-ல் போனால் 3 நிமிடம் 45 நொடி. 100-ல் போனால் 3 நிமிடம். ஆக, 60-லிருந்து 80-க்கு ஏற்றினால் 75 நொடி மிச்சம், 80-லிருந்து 100-க்கு ஏற்றினால் 45 நொடிதான் மிச்சம். வேகம் கூடக் கூட, அடுத்த 20 கிலோமீட்டர் தரும் லாபம் குறைந்துகொண்டே வருகிறது.

நிறுத்தும் தூரமோ நேர் எதிர். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது, டயர் நல்ல நிலையில் இருக்கிறது, சாலை காய்ந்திருக்கிறது என்று கணக்கு வைத்தால், 60-ல் போகும் வண்டி நிற்க ஏறத்தாழ 45 மீட்டர் ஆகும். 80-ல் 68 மீட்டர். 100-ல் கிட்டத்தட்ட 97 மீட்டர். மழைத்தண்ணீர் நின்ற சாலை, தேய்ந்த டயர், பின்னால் ஐந்தாறு காவலர்கள் உட்கார்ந்த பாரம் என்றால் இன்னும் கூடும்.

45 நொடியை மிச்சம் பிடிக்க நிறுத்தும் தூரத்தில் கிட்டத்தட்ட 30 மீட்டரை விலையாகக் கொடுக்கிறோம். ஒருவர் கழுத்தில் கத்தி இருக்கும்போது 45 நொடி பெரியது, மறுக்கவில்லை. ஆனால் வருகிற அழைப்பெல்லாம் அப்படி இல்லை. கடைக்காரர்களுக்குள் தகராறு, பார்க்கிங் சண்டை, நேற்று இரவு காணாமல் போன பைக், இதற்கெல்லாம் 45 நொடி முந்திப் போய் ஆகப்போவது எதுவும் இல்லை. ஊருக்குள் நிஜத்தில் வேகம் அந்த லாபத்தைக்கூடத் தராது, ஏனென்றால் விருதம்பட்டில் ஒரு ஷேர் ஆட்டோ திரும்பினாலே மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

வாடகை வேன், லாரி போன்றவற்றில் பொருத்தச் சொல்லும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து மத்திய மோட்டார் வாகன விதிகள் போலீஸ் வண்டிக்கு விலக்கு தந்திருக்கின்றன. தேவையான விலக்குதான். அதனாலேயே அந்த வண்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்த டிரைவரின் நிதானம் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது.

சந்திப்புகள்: ஆபத்து குவியும் இடம்

நேர் சாலையில் வேகமாகப் போவதைவிட, சிவப்பு விளக்கில் சந்திப்பைக் கடப்பதுதான் அவசர ஓட்டத்தில் மிக ஆபத்தான வேலை. காரணங்கள் இவை.

1. பச்சை விளக்கைப் பார்த்து வருகிறவருக்கு நிற்க வேண்டும் என்ற எண்ணமே இருக்காது. அவர் தன் உரிமைப்படி வருகிறார்.

2. சைரன் நாம் நினைக்கிற தூரத்துக்குக் கேட்பதில்லை. கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டு ஓடும் காருக்குள் அது மிகப் பக்கத்தில் வந்த பிறகுதான் காதில் விழும். உதாரணத்துக்கு 80 மீட்டரில் கேட்கிறது என்று வைத்தாலும், 100-ல் வரும் ஜீப் அந்தத் தூரத்தை 3 நொடியில் கடந்துவிடும். அந்த 3 நொடிக்குள் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று புரிந்து, எங்கே ஒதுங்குவது என்று முடிவு செய்து, ஒதுங்கியும் ஆக வேண்டும். முடியாது. சந்திப்பின் மூலையில் கட்டடம் மறைத்தால் இன்னும் மோசம்.

3. ஜீப்புக்குள் இருப்பவருக்கோ சைரன் காது கிழிகிற மாதிரி கேட்கிறது. எல்லோருக்கும் கேட்டிருக்கும் என்று நம்புகிறார். அந்தச் சத்தமே அவரைப் பதற்றப்படுத்தி வேகத்தை ஏற்ற வைக்கிறது, பார்வையும் முன்னால் உள்ள சாலையோடு குறுகிவிடுகிறது, பக்கவாட்டில் வருவது கண்ணில் படாது.

4. இரண்டு அவசர வண்டிகள் ஒரே சந்திப்புக்கு வந்தால், ஒருவரின் சைரனால் மற்றவரின் சைரன் கேட்காது. ஒன்றுக்கு ஒதுங்கி நின்ற பைக்காரர், அது போனதும் மறுபடி கிளம்பி இரண்டாவதன் முன்னால் போய் நிற்பார்.

நான்காவது வேலூரில் கற்பனை இல்லை. சி.எம்.சி. மருத்துவமனை ஊரின் நடுவில் இருக்கிறது. வடஆற்காடு முழுவதிலிருந்தும், எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் ஆம்புலன்ஸ்கள் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். சைரன் இந்த ஊருக்குப் பழகிப்போன சத்தம், அதனால் பலர் தலையைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஐடா ஸ்கடர் சாலையில் நடப்பவர்களில் பாதிப் பேருக்கு ஊர் புதிது, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள், கையில் ஸ்கேன் கவரோடு மெதுவாக நடக்கும் நோயாளிகள். "எல்லாரும் ஒதுங்கிடுவாங்க" என்று நம்பி அந்தச் சாலையில் ஜீப் ஓட்ட முடியாது. கூடவே முன்னுரிமை வரிசையையும் மறக்கக் கூடாது: பாலாற்றுப் பாலத்தில் ஆம்புலன்ஸும் போலீஸ் ஜீப்பும் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் போக வேண்டியது ஆம்புலன்ஸ்.

எனவே சந்திப்பில் செய்ய வேண்டியது: வரும்போதே வேகத்தைக் குறைத்து, சிவப்பு என்றால் கிட்டத்தட்ட நின்று, ஒவ்வொரு பாதையாகப் பார்த்து, அந்தப் பாதையில் வருகிறவர் நின்றுவிட்டார் என்று கண்ணால் உறுதி செய்துகொண்டு, அடுத்த பாதைக்கு நகர்வது. ஒரு பேருந்து நின்றுவிட்டது என்பதற்காக அதற்கு அந்தப் பக்கம் வரும் பைக்கும் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதற்கு நாலைந்து நொடி ஆகும். எதிர்த்திசையில் போக நேர்ந்தால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும், ஏனென்றால் சாலையைக் கடக்கிற மனிதர் ஒரு பக்கம் மட்டும்தான் பார்த்துவிட்டு இறங்குவார்.

துரத்தலாமா, விடலாமா?

இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே பதில் கிடையாது. துரத்தலைத் தொடங்கும்போதும், அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இவனை இப்போதே பிடிக்காவிட்டால் யாருக்கு என்ன ஆகும், துரத்தினால் யாருக்கு என்ன ஆகும்?

குழந்தையைக் கடத்திக்கொண்டு போகும் கார் என்றால் கணக்கு ஒரு மாதிரி. ஹெல்மெட் போடாமல், வாகனத் தணிக்கையைப் பார்த்துத் திரும்பி ஓடும் பையன் என்றால் வேறு மாதிரி. அவன் செய்த தப்புக்கு அபராதம் 1,000 ரூபாய். பயத்தில் ஓடுகிறவன் பின்னால் ஜீப்போ பைக்கோ வந்தால், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவான். ஹெல்மெட் போடாதவன் தலையில் அடிபடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதியே இருக்கிறது, அந்த விதிக்காகவே அவனைத் துரத்தி விழவைப்பது எந்த வகையிலும் சரியில்லை என்று அழுத்தமாகச் சொல்வேன். வண்டி எண் இருக்கிறது, கேமரா இருக்கிறது, இ-சலான் வீட்டுக்கே போகும்.

செம்மரம், ஆற்று மணல் கடத்தும் வண்டிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். குற்றம் சின்னது இல்லை, ஆனால் அந்த நிமிடத்தில் யார் உயிருக்கும் ஆபத்து இல்லை. முன்னால் ஓடும் வண்டியில் பாரம் அதிகம், விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுவதும் உண்டு, வழியில் கிராமங்கள். பேரணாம்பட்டுப் பக்கம் மலைப்பாதையில் வளைவு தெரியாமல் வேகம் எடுத்தால் இரண்டு வண்டியும் போய்விடும். இங்கேதான் வயர்லெஸ் ஜீப்பைவிட வேகமானது. வண்டியின் நிறம், எண், போகும் திசையை மைக்கில் சொல்லி, அடுத்த சோதனைச்சாவடியில் ஆளை நிறுத்தினால் போதும்.

2019-க்குப் பிறகு இதில் ஒரு புதிய நடைமுறைச் சிக்கலும் சேர்ந்தது. அந்த ஆண்டு வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. முன்பு ஒரே எஸ்.பி.யின் எல்லைக்குள் இருந்த நெடுஞ்சாலை இப்போது மூன்று பேரின் எல்லையில் இருக்கிறது. கிழக்கே வாலாஜா என்றால் ராணிப்பேட்டை போலீஸ், மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர் போலீஸ், காட்பாடி வழியாகக் கிறிஸ்டியான்பேட்டை தாண்டினால் ஆந்திரா. எல்லையைத் தாண்டும் துரத்தலில் முன்கூட்டியே பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லாவிட்டால், எதிரே வரும் ரோந்து வண்டிக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது, அவர்கள் சாலையில் நிறுத்தி வைக்கும் தடுப்பு பொதுமக்கள் வண்டிக்குத்தான் எமனாகும்.

துரத்தலைக் கைவிடுவதற்கான நிலைமைகளையும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, பள்ளி விடும் நேரம், மழை, வண்டி கண்ணிலிருந்து மறைந்துவிட்டது, வயர்லெஸ் தொடர்பு போய்விட்டது. இவற்றில் ஒன்று வந்தாலும் வேகத்தைக் குறைத்துவிடலாம். விட்டது தோல்வி என்று டிரைவரை யாரும் கேலி பேசாத சூழல் ஸ்டேஷனில் இருந்தால்தான் இது நடக்கும்.

நெடுஞ்சாலையில் போய்ச் சேர்ந்த பிறகு

சென்னை - பெங்களூரு சாலை, அதாவது இப்போதைய தேசிய நெடுஞ்சாலை 48, நம் மாவட்டத்தை ஊடுருவிப் போகிறது. இதில் கார்கள் 100-ல் வருவது சாதாரணம். இரவில் பள்ளிகொண்டா பக்கம் ஒரு லாரி கவிழ்ந்தால் முதலில் போய் நிற்பது ரோந்து வண்டியாக இருக்கலாம். பின்னால் வருகிறவருக்கு எதுவும் தெரியாது என்பதுதான் இங்கே இரண்டாவது விபத்துக்குக் காரணம்.

வண்டியை விபத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தாமல், போக்குவரத்து வரும் பக்கத்தில், அடிபட்டவர்களுக்கும் வரும் வண்டிகளுக்கும் இடையில், இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். கூம்புகளையும் ஒளிரும் பலகையையும் இன்னும் நன்றாகப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும், ஏனென்றால் 100-ல் வரும் கார் நிற்க கிட்டத்தட்ட 100 மீட்டர் ஆகும் என்று மேலே பார்த்தோம். காவலர்கள் பிரதிபலிக்கும் மேல்சட்டை இல்லாமல் சாலையில் இறங்கவே கூடாது. ஜீப்பின் பின்பக்கம் நின்று பேசிக்கொண்டிருப்பதும் கூடாது.

சாதாரண ரோந்தில் நடப்பவை

இது பரபரப்பு இல்லாத பகுதி, ஆனால் வண்டி அதிகம் ஓடுவது இப்படித்தான் என்பதால் சொல்லியே ஆக வேண்டும்.

1. சீட் பெல்ட். "சட்டென்று இறங்கணும், அதான் போடறதில்லை" என்று காவலர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பது போலத் தெரியும். பெல்ட்டைக் கழற்ற ஒரு நொடிதான். போய்ச் சேரும் இடத்துக்குச் சற்று முன்பு கழற்றிக்கொள்ளலாம். விதியில் போலீஸுக்கு விலக்கு இல்லை.

2. கைபேசியும் மைக்கும். டிரைவர் இரண்டையும் தொடக் கூடாது. பக்கத்து சீட்டில் இருப்பவர் மைக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தனியாக ஓட்டினால் ஓரம் கட்டிப் பேச வேண்டும்.

3. உள்ளே கிடக்கும் பொருட்கள். லத்தி, ஹெல்மெட், கேடயம், தண்ணீர் கேன், தீயணைப்பான். திடீர் பிரேக்கில் இவை எல்லாம் முன்னால் பறந்து வரும், கேன் உருண்டு பிரேக் அடியிலும் போய் மாட்டும். கட்டி வைக்காமல் கிளம்பக் கூடாது.

4. ரிவர்ஸ். லாங்கு பஜார் மாதிரி நெரிசலான இடத்தில் ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று கைகாட்டாமல் வண்டியைப் பின்னால் எடுக்கக் கூடாது.

5. உயரமான வண்டி. ஜீப் வகை வண்டிகளின் எடை மேலே இருக்கும். வேகத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் கார் சமாளிக்கும், இது கவிழும். நாய் குறுக்கே வந்தால் நேராகப் பிரேக் அடிப்பதுதான் வழி.

6. தூக்கம். இதைப் பற்றி மற்ற ஐந்தைவிட அதிகம் பேச வேண்டும். பந்தோபஸ்து, திருவிழா, தேர்தல் என்று வந்தால் ஒரு டிரைவர் பகலும் இரவும் தொடர்ந்து பணியில் இருப்பார். விடியற்காலை 3 மணிக்கு நேர் சாலையில் கண் சொருகுவது மன உறுதியால் தடுக்கக்கூடிய விஷயம் இல்லை, உடம்பின் இயல்பு. டீ குடித்தால் கொஞ்ச நேரம் தாங்கும். தூக்கத்துக்குத் தூக்கம் மட்டும்தான் மருந்து. மாவட்ட ஆயுதப்படைப் போலீஸிலிருந்து மாற்று டிரைவர் அனுப்புவதற்கு ஏற்பாடு இல்லாமல், "கவனமா ஓட்டு" என்று மட்டும் சொல்வது அவருக்கும் சாலையில் போகிறவருக்கும் செய்யும் அநியாயம்.

முன்சீட்டில் இருப்பவரின் பொறுப்பு

டிரைவர் பெரும்பாலும் கான்ஸ்டபிள் அந்தஸ்தில் இருப்பார். பக்கத்தில் உட்காருவது எஸ்.ஐ.யோ இன்ஸ்பெக்டரோ அதற்கு மேலேயோ. "இன்னும் என்னப்பா, அழுத்து" என்று அவர் சொன்னால், "ஐயா, இந்த இடத்துல முடியாதுங்கய்யா" என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? ஆனால் மோதிவிட்டால் முதல் தகவல் அறிக்கையில் குற்றம்சாட்டப்பட்டவராக வருவது டிரைவர் பெயர்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, கண்மூடித்தனமாக ஓட்டுவதற்குப் பிரிவு 281, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பிரிவு 106, அதில் 5 ஆண்டு வரை சிறை. மேலதிகாரி சொன்னார் என்பது டிரைவரைக் காப்பாற்றாது.

எனவே வேகத்தைப் பற்றிய கடைசி முடிவு ஸ்டீயரிங் பிடித்தவருடையது என்று எழுத்திலேயே உத்தரவு இருக்க வேண்டும். அதிகாரியின் வேலை வேறு: மைக்கைக் கவனிப்பது, வழி சொல்வது, சந்திப்பில் இடப்பக்கம் பார்த்து "க்ளியர்" சொல்வது. இரண்டு பேரும் இப்படி ஓட்டினால் நான்கு கண் வேலை செய்கிறது.

சைரன் கேட்டால் நாம் செய்ய வேண்டியது

சுருக்கமாகச் சொல்கிறேன். இடப்பக்கம் ஓரம் கட்டி நிற்க வேண்டும். சந்திப்புக்குள் இருந்தால் அங்கேயே பிரேக் அடிக்காமல் கடந்துபோய் நிற்க வேண்டும். பாலாற்றுப் பாலம் மாதிரி ஒதுங்க இடமில்லாத இடத்தில், பதறித் திரும்பாமல் சீராகப் போய், பாலம் முடிந்ததும் ஒதுங்கலாம். போன வண்டியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வழி பிடிக்கக் கூடாது. ஒன்று போனதும் இன்னொன்று வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வழி விடாவிட்டால் பிரிவு 194இ-யின்படி 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தீயணைப்பு வண்டியையும் ஆம்புலன்ஸையும் அந்தப் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது, மற்ற அவசர வாகனங்கள் எவை என்பதை மாநில அரசு குறிப்பிடலாம் என்கிறது.

காவல் வண்டி மோதிவிட்டால்

"கவர்ன்மென்ட் வண்டி, ஒண்ணும் கிடைக்காது" என்று ஊரில் சொல்வதைக் கேட்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது உண்மை இல்லை.

1. அரசு வண்டிக்குக் கட்டாயக் காப்பீட்டிலிருந்து சட்டத்திலேயே விலக்கு உண்டு, பிரிவு 146. அதனால் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லாமல் இருக்கலாம். இழப்பீடு தரும் பொறுப்பு அதனால் போய்விடாது, காப்பீட்டு நிறுவனத்துக்குப் பதில் அரசே கொடுக்க வேண்டும்.

2. இதற்கு வேர் பழையது. ராஜஸ்தானில் கலெக்டருக்கான அரசு ஜீப் ஒன்று, பழுது பார்த்துத் திரும்பும் வழியில், நடைபாதையில் போனவர் மீது மோதி அவர் இறந்துபோனார். டிரைவரின் கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பு என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கமான ஓட்டத்தில் அரசு வண்டிக்குத் தனிச் சலுகை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

3. மனு போட வேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற திருத்தம் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது, அதனால் பேச்சுவார்த்தை என்று நாளைக் கடத்தக் கூடாது.

4. மோதிய டிரைவருக்கும் கடமை உண்டு. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்வது பிரிவு 134-ன்படி எந்த டிரைவருக்கும் கட்டாயம், காக்கி போட்டவருக்கும் அதேதான்.

5. அந்த ஜீப் எந்த ஸ்டேஷனுடையதோ அதே ஸ்டேஷன் விசாரித்தால் சந்தேகம் வருவது இயல்பு. வேறு ஸ்டேஷன் அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கலாம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்த வண்டிக்கு எத்தனை மணிக்கு, என்ன அழைப்பு போனது என்ற பதிவையும், பக்கத்துக் கடைகளின் கேமரா காட்சியையும் கேட்டு வாங்குவது முக்கியம். வண்டி அப்போது அவசரப் பணியில் இருந்ததா, சும்மா போய்க்கொண்டிருந்ததா என்பதை அந்தப் பதிவு காட்டிவிடும். கடைக் கேமராக்களில் பழைய காட்சிகள் சில நாட்களிலேயே அழிந்துவிடும் என்பதால் இந்த வேலையை முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும்.